வலப்பக்கத் துணி நல்லாத்தான் இருந்துச்சு

உக்காருங்க தம்பி, எடம் இருக்குது. இத நான் மடியில வெச்சுக்கறனுங்க. கண்டக்டர் மேல வைக்கச் சொன்னாரு, நான்தான் மாட்டேன்னுட்டேன். இந்த பஸ்ஸு குலுங்கற குலுக்கலுக்கு மேல வெச்சா துணி வம்பாப் போயிரும். நாலு நாள் உக்காந்து ஒட்டுன துணிங்க இது.

ரேடியோதானுங்க. டேப்பும் இருக்குது, டூ இன் ஒன்னும்பாங்க அப்ப. நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி வந்தது. என்ற மச்சான், அதாவது எங்கூட்டுக்காரி தம்பி, சிங்கப்பூர் போயிட்டு வந்தப்ப அக்காளுக்குன்னு தூக்கிட்டு வந்தது. ஜப்பான் செட்டு. ரெண்டு பக்கமும் ஸ்பீக்கரு, நடுவால டேப்பு, மேல கைப்பிடி. எங்க வளவுல வேற யாருகிட்டயும் கெடையாது. ஒறம்பரை, சொந்தக்காரங்க வந்தா மொதல்ல இதத்தான் பார்ப்பாங்க, அப்பறந்தான் நல்லா இருக்கறீங்களான்னு எங்களக் கேப்பாங்க.

பாட்டு வைக்கவா? வேண்டாந் தம்பி. இன்னைக்கு இது பாடுன வரைக்கும் போதும்.

கோபியில இருந்து வர்றேன். எம் பொண்ணு சுகுணாவ அங்க குடுத்திருக்குது. கருமத்தம்பட்டியில எறங்கி சோமனூர் போகோணும். வெடியால போனேன், இதா திரும்பிட்டேன். பொண்ணு ஊட்டுக்குப் போனவன் ஒரு நா தங்கிட்டு வரக்கூடாதான்னு கேப்பீங்க. நீங்க கேக்கறதுக்கு முந்தி நானே சொல்லிடறேன்.

நான் தறிக்காரனுங்க. பேரு நாச்சிமுத்து. முப்பத்தொரு வருசம் விசைத்தறி ஓட்டியிருக்கறேன், அதுல இருவத்திரண்டு வருசம் ராத்திரி ஷிப்டு. பொழுதோட எட்டு மணிக்குப் போனா வெடியால எட்டு மணிக்குத்தான் ஊடு. வந்து ரெண்டு இட்லியப் பிச்சுப் போட்டுட்டுப் படுத்தா மத்தியானம் ரெண்டு வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். ராத்திரியெல்லாம் நின்னவன் பகல்ல தூங்கலைன்னா அடுத்த ஷிப்டுல நாடா வந்து மூஞ்சியில அடிக்கும். நாடான்னா குறுக்கால போற ஊடை நூலச் சொமந்துட்டு தறியில இக்கட்டால அக்கட்டால ஓடற கட்டைங்க, ரெண்டு முனையிலயும் இரும்பு. தூக்கத்துல சொக்குன ஒருத்தனுக்குக் கண்ணு போனத நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கறேன்.

அதனால எங்கூட்டுல பகல்ல சத்தம் ஆகாது. அது சட்டம். ஒரே ரூமு, அதுலயே ஒரு மூலையில அடுப்பு. மயிலாத்தா, எங்கூட்டுக்காரி பேருங்க, கல்யாணமான மொத மாசம் கொலுசக் கழட்டி வெச்சவ, அப்பறம் போடவே இல்ல. கொழந்தை அழுதா தூக்கிட்டுத் தெருமுக்குக்குப் போயிருவா. குக்கர் வாங்கலாம்னேன், வேண்டாம்னுட்டா, விசிலடிக்குமாம். அந்தளவுக்கு இருந்தவதான். நான் குத்தம் மட்டும் சொல்றவனில்லீங்க, நல்லதையும் சொல்லோணுமில்ல.

இந்த ரேடியோ ஒண்ணுதான் அவளுக்கு விட முடியல. பாட்டு, சமையக் குறிப்பு, வெவசாயச் செய்தி, எது வந்தாலும் கேப்பா. எங்களுக்கு ஒரு செண்டு காடு கெடையாது, வெவசாயச் செய்தியக் கேட்டு என்ன பண்றாளோ. நானும் கேக்க வேண்டாம்னு சொல்லல. சத்தம் வைக்கற திருகுல பிளேடால ஒரு கோடு போட்டுக் குடுத்தேன், இதுக்கு மேல போகக் கூடாதுன்னு. இந்தாங்க, வெரல வெச்சுப் பாருங்க, ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவால. தெரியுதா? அந்தக் கோட்ட அவ தாண்டுனதே இல்ல. செட்ட அடுப்புப் பக்கத்துல வெச்சு, அந்த இடப்பக்க ஸ்பீக்கர்ல கன்னத்தச் சாச்சு, காத ஒட்ட வெச்சுட்டு, அப்படியே காய் அரிஞ்சுட்டு இருப்பா.

துணி கெட்டது அதுலதானுங்க. அவ தலைக்குக் கரிசலாங்கண்ணி போட்டு அவளே காச்சுன எண்ணெய் வைப்பா, காதோரமெல்லாம் வழியும். அதோட சாஞ்சா துணி என்னத்துக்கு ஆகும்? நல்ல சாம்பக் கலருத் துணி. இடப்பக்கம் மட்டும் கையகலத்துக்குக் கறுத்து, இத்துப்போயி, அப்பறம் எண்ணெ வாசத்துக்கு எலி வந்து ஓட்டை போட்டுருச்சு. வலப்பக்கத் துணி கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. தலையத் தள்ளி வெய்யின்னு எத்தனை நாள் சொல்லியிருப்பேன். தள்ளி வெச்சாக் கேக்காதுங்கம்பா. ரேடியோக்காரன் வந்து உங்காதுல ஊதோணுமாக்கும்னு நானும் கேலி பண்ணிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்குவேன்.

ரெண்டு மணிக்கு நான் எந்திரிச்சா அவ குடோனுக்குக் கெளம்பிருவா. தார் மிஷின் வேலை. நாடாவுக்குள்ள போடற சின்னக் குச்சிக்கு நூல் சுத்தறதுங்க, அது பொம்பளைக வேலை. நாப்பது தறி ஓடற குடோன். உள்ள போனா பேச்சே கெடையாது. யாரும் காதால கேக்கறதில்ல, வாயசைவுதான். பத்தடி தள்ளி நிக்கறவன் வாயப் பார்த்தே அவன் ஊட்டுல இன்னைக்கு என்ன கொழம்புன்னு சொல்லிருவோம். நான் கழிவுப் பஞ்ச உருட்டிக் காதுல அடைச்சுக்குவேன். அவ அடைச்சுக்கல. அவளுக்குத் தோணல. நானும் சொல்லல. சொல்லக் கூடாதுன்னெல்லாம் இல்லீங்க, சொல்லோணும்னு தோணல, அவ்வளவுதான்.

அஞ்சு வருசத்துக்கு முந்தி எனக்கு மொழங்கால் போச்சு, தறிய விட்டுட்டேன். அவளும் நின்னுட்டா. அப்பத்தானுங்க நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஊட்டுக்குள்ள முழிச்சிருக்க ஆரம்பிச்சோம். அதுல வந்துச்சு வெனை.

கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. நாலு தடவ கூப்பிட்டா ஒரு தடவ. தண்ணி கேட்டா மோரக் கொண்டாந்து வைப்பா. நான் சோறு திங்கறப்ப எதுத்தால உக்காந்து என் வாயவே பார்த்துட்டிருப்பா. திங்கறதுக்குக் கண்ணு வைக்கறாளாட்ட இருக்குதுன்னு எனக்கு எரியும், மூஞ்சியத் திருப்பிக்குவேன். ரேடியோவும் கோட்டத் தாண்டிப் போச்சு. மூணு, அஞ்சு, ஏழுன்னு வைப்பா. அப்பவும் காது ஸ்பீக்கர்லதான் ஒட்டியிருக்கும். இத்தனை வருசம் அடக்கி வெச்சதுக்கு வேணும்னே பழி வாங்கறாளுன்னு நெனைச்சனுங்க. எனக்கெப்படித் தெரியும்? நீங்களா இருந்தா என்ன நெனைப்பீங்க, சொல்லுங்க.

போன தை மாசம் எங்க அக்கா ஊட்டு ஒறம்பரை பதினோரு பேரு வந்திருந்தாங்க. எல்லாரும் எலையில உக்காந்திருக்கறோம். ரசங் கேட்டேன். அவ அடுப்புப் பக்கம் திரும்பி நிக்கறா. மறுக்காக் கேட்டேன். மூணாவது தடவ கேட்டப்ப அக்கா மருமகன் பொக்குன்னு சிரிச்சுப்போட்டான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எச்சக் கையோட எந்திரிச்சுப் போயி, அவ தோளப் புடிச்சுத் திருப்பி, மூஞ்சிக்கு நேரா மூஞ்சி வெச்சு, "செவிட்டு முண்டமே"ன்னுட்டேன்.

எல்லாரும் வையற வார்த்தைதானுங்க. தெருவுல போற நாயக்கூட அப்படித்தான் வையறோம். அவ ரசத்த எடுத்தாந்து பதினோரு பேருக்கும் ஊத்துனா, எனக்கும் ஊத்துனா. மறுநா வெடியால நான் எந்திரிக்கறப்ப ஊட்டுல இல்ல. கோபி பஸ் ஏறிப் போயிட்டா.

அதுக்கு இப்ப எட்டு மாசங்க. போன் போட்டா சுகுணாதான் எடுப்பா. அம்மாகிட்டக் குடுன்னா, அம்மா போன்ல பேச மாட்டாங்கப்பா, நீங்க நேர்ல வாங்கங்கும். திமிரப் பார்த்தீங்களான்னு நெனைச்சுட்டு நானும் போகல. தன்னால வருவாளுன்னு இருந்தேன். சோறு பெரிய விசயமில்லீங்க, கஞ்சி வெச்சுக் குடிச்சுக்குவேன். ஊட்டுல சத்தமே இல்ல. இருவத்திரண்டு வருசமா நான் எந்த ஊட்டக் கேட்டனோ அந்த ஊடு, இப்பக் கெடச்சிருக்குது. பகல்ல படுத்தா தூக்கம் வர மாட்டேங்குது.

ஆனா சும்மா போயி வா ஊட்டுக்குன்னு கூப்பிட எனக்கு வராதுங்க. கையில ஏதாச்சும் வேணும். அப்பத்தான் இந்தச் செட்டு கண்ணுல பட்டுச்சு. ஓட்டையும் அழுக்குமாக் கெடந்துச்சு. துணிய மாத்திப் புதுசாட்டம் ஆக்கிக் கொண்டு போயி வெச்சா அவளே புரிஞ்சுக்குவாளுன்னு நெனைச்சேன். நான் எதுவும் சொல்ல வேண்டியதில்ல பாருங்க.

பின்னால ஆறு ஸ்குரு. கழட்டுனா முன்பலகை தனியா வந்துரும். அதுல சல்லடையாட்டம் ஒரு தகடு, அந்தத் தகட்டு மேலதான் துணி ஒட்டியிருக்குது. பழைய பசை கல்லாட்டம் எறுகிக் கெடந்துச்சு. சுடுதண்ணியில துணிய நனைச்சு ஒத்தடம் குடுத்து ஒத்தடம் குடுத்து, மழுங்குன கத்தியில சொரண்டி எடுத்தேன். தகட்ட சோப்புப் போட்டு பல்லு வெளக்கற பிரஷ்ஷால தேச்சுக் காய வெச்சேன். அது ஒரு நாள் வேலை.

துணிக்கு நம்மகிட்டயா பஞ்சம்? குடோன் ஓனர்கிட்டப் போயி நூறாம் நம்பர் நூல்ல நெஞ்ச துணி ரெண்டு முழம் வாங்கியாந்தேன். தண்ணி ஊத்துனா நிக்கும், அப்படி நெருக்கம். இழுத்து ஒட்டிப் பாட விட்டா, போர்வைக்குள்ள இருந்துட்டுப் பேசறாப்பல இருக்குது. செட்டு போயிருச்சுன்னு பயந்து ரேடியோக் கடை ரங்கராசுகிட்டத் தூக்கிட்டுப் போனேன். அவன் பார்த்துட்டு சிரியா சிரிச்சான். "தறிக்காரன் புத்தி தறிக்காரன் புத்திதானுங்க மாமா. உங்களுக்கு நெருக்கமா நெஞ்சாத்தான் நல்ல துணி. இதுக்கு வாய வெச்சு ஊதுனா அக்கட்டால காத்து வரோணும். காத்து வந்தாத்தான் சத்தம் வரும்"ன்னான். முப்பத்தொரு வருசம் துணி நெஞ்சவனுக்கு அது தெரியல பாருங்க.

மறுக்கா உரிச்சேன். அப்பறம் சோமனூர்ல நாலு கடை ஏறி எறங்கி, துணிய மூஞ்சிக்கு நேராப் புடிச்சு ஊதி ஊதிப் பார்த்தேன். கடைக்காரன் கெழவனுக்குக் கிறுக்குன்னு நெனைச்சிருப்பான். கடைசியில இந்தக் கறுப்புத் துணி அமைஞ்சுது. நெட்டுவாக்குல ஓடற பாவு நூல் ஒண்ணுகூடக் கோணாம, நடுவுல இருந்து ஓரத்துக்கு இழுத்து, சுத்தியும் துணி காயப் போடற கிளிப்பா மாட்டி, ஒரு ராத்திரி ஒரு பகல் அப்படியே காய விட்டேன். பாருங்க, எங்கியாச்சும் சுருக்கம் இருக்குதா? வலப்பக்கத்தையும் உரிச்சுப் புதுசு போட்டுட்டேன். அது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒண்ணு பழசு ஒண்ணு புதுசுன்னா பார்க்கறதுக்கு நல்லாருக்காதில்ல.

பழைய துணியத் தண்ணி காய வைக்கற அடுப்புல போட்டேன். எண்ணெ ஊறுன துணி, குப்புன்னு புடிச்சுது. அந்தக் கரிசலாங்கண்ணி வாசம் ஊடு பூரா நிறைஞ்சு போச்சு தம்பி. மூணு நாளைக்கு இருந்துச்சு. கண்ணெல்லாம் எரிஞ்சு தண்ணி தண்ணியா வந்துச்சு. பொகைதான்.

இன்னைக்கு வெடியால மொத பஸ்ஸுல போனேன். அவ வாசல்ல உக்காந்து முருங்கக்கீரை உருவிட்டிருந்தா. முதுகுதான் தெரிஞ்சுது. கேட்டத் தட்டுனேன், திரும்பல. கோவம் இன்னும் தீரலைன்னு நெனைச்சேன். சுகுணாதான் உள்ள இருந்து ஓடியாந்து அவ தோளத் தொட்டுச்சு. அப்பத்தான் திரும்பிப் பார்த்தா. எளச்சுப் போயிட்டா. என்னப் பார்த்தா, செட்டப் பார்த்தா, கையச் சேலையில தொடச்சுட்டு வந்து புதுத் துணியத் தடவுனா. இடப்பக்கம்.

"பழைய துணி?"ன்னு கேட்டா. சத்தமாக் கேட்டா, அவ அப்படிப் பேச மாட்டா. நான் பிளக்குக் குத்த எடந் தேடிட்டே, எரிச்சுட்டேன்னு சொன்னேன். அவ நின்னுட்டே இருந்தா. சுகுணா அவ முன்னால போயி நின்னு, எரிச்சுட்டாராம்மான்னு வாய மெதுவா அசைச்சுச்சு. சரின்னு தலையாட்டுனா.

நான் பிளக்கக் குத்தி ரேடியோவ வெச்சேன். கோடாவது ஒண்ணாவது, திருகக் கடைசி வரைக்கும் திருகிட்டேன். இனி எவ்வளவு வேணும்னாலும் வெச்சுக்கோன்னு அவளுக்குக் காட்டோணுமில்ல. தெருவுல போறவங்க நின்னு பார்த்தாங்க. அவ வந்து உக்காந்து, உள்ளங்கையத் துணி மேல வெச்சா. சித்தெ நேரம் வெச்சிருந்தா. "நல்லா அதிருதுங்க. முந்தி இந்தளவுக்கு அதிராது"ன்னா. எனக்கு அப்படியொரு சந்தோசம். துணிதான் காரணம், காத்துப் போற துணி பார்த்து வாங்குனேன்னு ரங்கராசு சொன்னதையெல்லாம் சொல்லிட்டே போறேன். சுகுணா வந்து படக்குன்னு சுவிட்ச அமத்திருச்சு.

அப்பத்தானுங்க சொல்லுச்சு. ஈரோட்டுல காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருக்குது. ரெண்டு காதும் இல்லையாம். இருவது வருசமாக் கொஞ்சங் கொஞ்சமாப் போயிட்டிருந்திருக்கோணும், தறிச் சத்தந்தான்னு டாக்டர் சொன்னாராம். மிச்சமிருந்ததும் இந்த ஆறு மாசத்துல போயிருச்சாம். மிஷின் மாட்டிப் பார்த்தாங்களாம், இரைச்சல்தான் கேக்குதுன்னு கழட்டி வெச்சுட்டாளாம். வாயப் பார்த்துத்தான் எல்லாம் புரிஞ்சுக்கறா, இத்தனை வருசமா அப்படித்தான் புரிஞ்சுட்டிருந்திருக்கறா.

எனக்கெப்படித் தெரியும்னு கேட்டேன். அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பனான்னு கேட்டேன். சுகுணா அவங்கம்மா பக்கந் திரும்பி, ஏன் சொல்லலைன்னு அப்பா கேக்கறாருன்னு வாயசைச்சுச்சு.

"எப்பச் சொல்றது? நீங்க தூங்கிட்டிருந்தீங்க"ன்னா.

கோவமாச் சொல்லலீங்க. குத்திக் காட்டோணும்னும் சொல்லல. கேட்டதுக்குப் பதில் சொன்னா, அவ்வளவுதான். அதுதான் என்னால தாங்க முடியல. வைஞ்சிருந்தா நானும் நாலு வார்த்தை வைஞ்சிருப்பேன்.

சுகுணா இன்னொண்ணும் சொல்லுச்சு. அதச் சொல்லாம இருந்திருக்கலாம். இத்தனை வருசத்துல நான் அவ மொகத்துக்கு நேரா வந்து நின்னு சொன்னது அந்த ரசம் ஊத்துன நாள்ல சொன்னதுதானாம். அது ஒண்ணுதான் ஒரு எழுத்து விடாமப் புரிஞ்சுதுன்னு அம்மா சொன்னாங்கங்குது.

நான் என்ன பண்ணுவேன்? தரையப் பார்த்துட்டே உக்காந்திருந்தேன். அவ கீரைய உருவிட்டிருந்தா. அப்பறம் சொன்னேன் தம்பி. தெரியாமப் போச்சு, வா, ஊட்டுக்குப் போலாம்னு சொன்னேன். இருவத்தேழு வருசத்துல அப்படி நான் அவளக் கேட்டதில்ல. எந்தலை குனிஞ்சுதான் இருந்துச்சு. நிமிந்து பார்த்தா, அவ கீரையவே பார்த்துட்டிருக்கறா. அவளுக்கு நான் பேசுனதே தெரியல.

"மொகத்தப் பார்த்துச் சொல்லுங்கப்பா"ன்னு சுகுணா சொல்லுச்சு. சொல்லிட்டு அம்மா தாடையத் தொட்டு என் பக்கமாத் திருப்பி விட்டுச்சு. அவ கீரைய வெச்சுட்டு என் வாயப் பார்த்தா. சோறு திங்கறப்ப பார்ப்பான்னு சொன்னனே, அதே பார்வை. நான் என்ன சொல்லப் போறேன்னு காத்துட்டிருக்கற பார்வைங்க அது. அத்தனை வருசமும் அதுதான். நான் மூஞ்சியத் திருப்பிட்டு இருந்திருக்கறேன்.

வாயத் திறந்தேன். அவ கண்ணு என் உதட்டு மேலயே இருக்குது. கொஞ்ச முன்னாடி சொன்ன அதே வார்த்தைதான், தரையப் பார்த்துச் சொல்ல வந்துச்சு, அவளப் பார்த்துச் சொல்ல வர மாட்டேங்குது. பொண்ணு நிக்குது, மருமகப்பையன் வாசல்ல நிக்கறான். அவங்கெல்லாம் ஒரு சாக்குத்தான். தனியா இருந்திருந்தாலும் வந்திருக்காது. எந்திரிச்சேன். கைய எங்க வைக்கறதுன்னு தெரியாம செட்டத் தூக்கிக்கிட்டேன். அவளும் என் வாயவே பார்த்துட்டு எந்திரிச்சா.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னேன்.

அவ தலையாட்டுனா. பார்த்துப் போங்கன்னா. அது மட்டும் அவளுக்குச் சரியா வெளங்கிருச்சுங்க.